பெட்டியடியில் ஒரு கல்யாணச் சேலை



கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரம். காலைத் திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த வேளையில், அறுபத்தெட்டு வயது நிரம்பிய தாய் ஒருவர் கையில் ஒரு துணிமூட்டையுடன் வந்து நின்றார். ஈராண்டுகளுக்கு முன் அவருடைய கணவரை நாமே அடக்கம் செய்தோம். மூட்டையை அவிழ்த்தார். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றப்பட்ட அரக்கு நிறப் பட்டுச் சேலை ஒன்று உள்ளே இருந்தது. 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் ஆலயப் பீடத்தின் முன் அவர் உடுத்தி நின்ற சேலை அது.

“சாமி, இது மந்திரித்த சேலை. பெரியவன் இதைச் சரிகைக்கு விற்றுவிடலாம் என்கிறான். சின்ன மருமகள் பேத்திக்குப் பாவாடை தைக்கக் கேட்கிறாள். மகளோ, ‘அதைத் தொட்டுவிடாதே அம்மா, எனக்கு வேண்டும்’ என்கிறாள். நான் கண்மூடும்போது இதையே உடுத்தி என்னை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றுகிறது. மந்திரித்த சேலையை விற்றால் பாவமா? வெட்டினால் பாவமா? நீங்கள் சொன்னால் சரி” என்றார்.

கேட்பதற்கு இது சிறியதொரு வினா. ஆயினும் இறந்துபோன தாயின் ஒரு சேலையைக் காரணமாகக் கொண்டு உடன்பிறந்த சகோதரியர் இருவர் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்ததை நாம் கண்டிருக்கிறோம். உங்களுள் பலருடைய வீட்டிலும் இரும்புப் பெட்டியின் அடியிலோ அலமாரியின் மேல் தட்டிலோ இத்தகைய சேலை ஒன்று இருக்கும். ஆதலால் இத்திங்கள் அதனைப் பற்றியே உங்களோடு பேச விழைகின்றோம்.

மணவுடை என்பது நம் மக்களிடையே ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. சில பங்குகளில் மணமகள் வெண்ணிற உடையும் தலையில் மெல்லிய முக்காடும் அணிந்து வருகிறாள். வேறு சில பங்குகளில் அரக்கு, மஞ்சள், பச்சை எனப் பட்டுடுத்தி வருகிறாள். வெண்மையே கிறிஸ்தவ மணவுடை என்று எண்ணுவோரும் உளர். அவ்வாறு திருச்சபைச் சட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்து அரசி விக்டோரியா 1840-ஆம் ஆண்டு தம் திருமணத்தில் வெண்ணிற ஆடை அணிந்தார். அதன் பின்னரே அவ்வழக்கம் மேனாடுகளில் பெருகிற்று. அதற்கு முன்னர் அங்கேயும் பெரும்பாலான மணப்பெண்கள் தம்மிடமிருந்த நல்ல உடையையே மணநாளில் அணிந்தனர். பின்னர் அதனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் உடுத்தினர். ஒரே ஒரு நாள் உடுத்தி ஆயுள் முழுவதும் பூட்டி வைப்பதற்காகவே ஓர் உடையை வாங்குவது மனித குலத்தின் தொன்மையான வழக்கமன்று.

இனி அத்தாயின் வினாவுக்கு வருவோம். மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையுடன் நடத்த வேண்டும் என்பது உண்மையே. 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1171-ஆம் சட்டம், இறைவழிபாட்டுக்கென ஒதுக்கி அருச்சிக்கப்பட்ட பொருள்களை, அவை தனியாருக்குச் சொந்தமாயினும், உலகியல் பயனுக்கோ தகாத பயனுக்கோ உட்படுத்தலாகாது என்று விதிக்கின்றது. பூசைப் பாத்திரமும் குருவின் திருவுடையும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் மணச்சேலை வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டதன்று. அது ஒரு பெண் உடுத்துவதற்கென்றே மந்திரிக்கப்பட்டது. அதனை உடுத்தும் பெண்ணையும் அவள் தொடங்கும் வாழ்வையும் நோக்கியே அந்த ஆசி வழங்கப்பட்டது.

மேலும், திருமணம் என்னும் திருவருட்சாதனம் சேலையில் இல்லை. மணமகனும் மணமகளும் இறைவன் திருமுன் ஒருவருக்கொருவர் அளிக்கும் சம்மதத்திலேயே அது நிகழ்கின்றது. அவ்விருவருமே அதன் பணியாளர்கள். குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டு ஏற்கும் சாட்சி. எனவே, மரியாதைக் குறைவாக நடத்தாதவரையில், அந்தச் சேலையை விற்பதும் வெட்டித் தைப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் பாவமாகா. அதனை வைத்துப் போற்றுவதும் பாவமாகாது. இதனை அத்தாய்க்கு விளக்கிக் கூறினோம். அவர் நெஞ்சிலிருந்த அச்சம் நீங்கிற்று.

இத்துடன் அவரை அனுப்பிவைத்திருக்கலாம். ஆனால் நாம் அவ்வாறு செய்யவில்லை. வேறொரு பெண்ணின் மணச்சேலை நெடுங்காலமாக நம் மனச்சான்றை உறுத்திக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

குருப்பட்டம் பெற்று மூன்றாண்டுகள்கூட நிறையாத காலத்தில் சிறியதொரு கிராமப் பங்கு நம் பொறுப்பில் விடப்பட்டது. பாதுகாவலர் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கூலிவேலை செய்து பிழைத்த கைம்பெண் ஒருவர் தம் மணச்சேலையைக் கொண்டுவந்து, “கோவிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் சாமி, கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை” என்றார். நாம் மனமுருகிப்போனோம். அருள்சகோதரிகளைக் கொண்டு அதனைப் பீடத்தின் முன்திரையாகத் தைக்கச் செய்தோம். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் பற்றித் திருநாளன்று நீண்ட மறையுரையும் ஆற்றினோம். மக்கள் பாராட்டினர்.

அவர் சேலையைக் கொடுத்தபோது அவருடைய மகள், பதினான்கு வயதுச் சிறுமி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒரு மாதா படத்தைக் கொடுத்து அனுப்பினோம்.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. நாம் வேறொரு பங்குக்கு மாற்றப்பட்டிருந்தோம். ஒரு நாள் அப்பெண் இரண்டு பேருந்து மாறி நம்மைத் தேடி வந்தாள். தாய் இறந்துவிட்டார். அவளுக்குத் திருமணம் முடிவாகியிருந்தது. “சாமி, அம்மாவின் கல்யாணச் சேலையில் ஒரு சாண் துணியாவது கிடைக்குமா? என் சேலை முந்தியில் வைத்துத் தைத்துக்கொள்வேன். அம்மாவினுடையது என்று வேறொன்றும் என்னிடம் இல்லை” என்றாள். உடனே அப்பங்கின் தந்தைக்கு மடல் எழுதினோம். அந்தத் திரை எலி கடித்து நைந்துபோனதால், வழிபாட்டுத் துணிகளுக்குரிய முறைப்படி எரித்துச் சாம்பலைப் புதைத்துவிட்டதாக மறுமொழி வந்தது. அவர் மீது குற்றமில்லை, செய்யவேண்டியதையே செய்தார். நாம் செய்தியைச் சொன்னபோது அப்பெண் அழவில்லை. “பரவாயில்லை சாமி” என்று கூறி, ஆசி பெற்றுக்கொண்டு பேருந்துக்குச் சென்றுவிட்டாள்.

தாயின் காணிக்கை தூயதுதான். இறைவன் அதனை ஏற்றுக்கொண்டார் என்பதில் நமக்கு ஐயமில்லை. பிழை நம்முடையது. “உம் மகளிடம் கேட்டீர்களா, அம்மா?” என்னும் ஒரு வினாவை நாம் கேட்டிருக்க வேண்டும். ஒரு சாண் துணியை வெட்டி அச்சிறுமியின் கையில் கொடுத்திருக்க வேண்டும். பீடத்தின் திரை ஒரு சாண் குறைந்திருந்தால் ஆண்டவருக்கு என்ன குறை நேர்ந்திருக்கும்? 1963-ஆம் ஆண்டு வெளியான வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, ஆலயப் பொருள்களிலும் திருவுடைகளிலும் வெறும் ஆடம்பரத்தைவிட மாண்பு பொருந்திய அழகையே நாட வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. சேலையின் சரிகை நம் கண்ணில் பட்டது. வாசலில் நின்ற குழந்தையின் முகம் படவில்லை.

ஆகவே, திண்ணையில் அமர்ந்திருந்த தாயிடம், மணவுடையை நல்வழியில் பயன்படுத்த விரும்பிய சிலரைப் பற்றி எடுத்துரைத்தோம். அவற்றை உங்களுக்கும் கூறுகின்றோம்.

இத்தாலி நாட்டில் குழந்தை மருத்துவராகப் பணியாற்றியவர் ஜியன்னா பெரெத்தா மொல்லா. அவர் 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் மணமுடித்தார். மணவுடைக்குத் துணி தேர்ந்தபோது மிக நல்ல துணியாகவே அவர் தேடினார். பிற்காலத்தில் தம் மகன் ஒருவன் குருவானால், அவனது முதல் திருப்பலிக்கு அத்துணியிலிருந்து திருவுடை தைக்க வேண்டும் என்பதே அவரது எண்ணம். 1962-ஆம் ஆண்டு, வயிற்றிலிருந்த குழந்தையின் உயிரைக் காப்பதையே முதலாகக் கருதிய அத்தாய், குழந்தை பிறந்த ஒரு வாரத்தில், ஏப்ரல் 28-ஆம் நாள் இறந்தார். 2004-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். மணநாளுக்கு முன்பே தம் உடையின் பயனைக் குறித்து எண்ணியவர் அவர். தம் ஒரு நாள் அழகுக்கு அப்பாலும் அந்தத் துணிக்கு ஒரு பணி உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே இத்தாலியில் காசியா என்னும் மலையூர் உள்ளது. புனித ரீத்தா வாழ்ந்து 1457-ஆம் ஆண்டு உயிர்நீத்த துறவுமடம் அங்கே இருக்கிறது. கொடிய குணமுடைய கணவனோடு பொறுமையாக வாழ்ந்து, அவன் கொலையுண்டபின் துறவு பூண்டவர் அப்புனிதை. அம்மடத்துக்கு நன்றிக் காணிக்கையாகப் பெண்கள் தம் மணவுடைகளைக் கொடுத்துவிடுகின்றனர். அங்குள்ள அகுஸ்தீன் சபைக் கன்னியர் அவற்றைச் செப்பனிட்டு, புதிதாக வாங்க வசதியற்ற மணப்பெண்களின் அளவுக்குத் திருத்திக் கொடுக்கின்றனர்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தையல் அறிந்த பெண்கள் பலர், பிறருடைய பழைய மணவுடைகளைப் பெற்று, பிறந்தவுடன் இறந்துபோகும் குழந்தைகளுக்கு அடக்க உடைகள் தைத்து மருத்துவமனைகளுக்கு வழங்குகின்றனர். அக்குழந்தைகளின் சிற்றுடலுக்கு ஏற்ற உடை கடைகளில் கிடைப்பது அரிது. துயரால் செயலற்று நிற்கும் பெற்றோரின் கையில், முன்பின் அறியாத ஒருத்தியின் மணவுடை அவர்கள் குழந்தையின் உடையாக வந்து சேர்கின்றது.

மறைநூலிலும் உடைக்கு இடமுண்டு. ஆலயத்தில் வளர்ந்த தன் மகன் சாமுவேலுக்கு அன்னா ஆண்டுதோறும் சிறு அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டு சென்றாள். யோப்பா நகரில் தபீத்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த ஆடைகளை இராயப்பரிடம் காட்டினர். அவள் பெட்டியில் எத்தனை ஆடைகள் இருந்தன என்று மறைநூல் கூறவில்லை. அவள் கொடுத்தவையே அவளுக்குச் சாட்சியாக நின்றன.

இவற்றைக் கேட்டதும் அத்தாயின் முகம் மலர்ந்தது. “அப்படியானால் நம் பங்கிலேயே ஏழைப் பெண் ஒருத்திக்கு உடுத்தக் கொடுத்துவிடலாமே” என்றார். சேலையை விரித்துப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று வினவினோம். இளைய மகனின் ஞானஸ்நானத்துக்குப் பின் விரிக்கவில்லை என்றார். நம் சமையல்கார அம்மாளை அழைத்து, இருவருமாகக் கயிற்றுக் கட்டிலின் மேல் அதனை மெல்ல விரித்தனர். மடிப்பு இருந்த இடந்தோறும் பட்டு கீறிக் கிடந்தது. உடல் பகுதியில் கை வைத்தால் இழை விட்டது. இரு பக்கத்துச் சரிகைக் கரையும் முந்தியும் மட்டுமே உறுதியாக இருந்தன.

அவர் பேச்சற்று உட்கார்ந்துவிட்டார். சற்றுப் பொறுத்து, “பத்திரமாகத்தானே வைத்திருந்தேன் சாமி?” என்றார்.

பத்திரம் என்று நாம் எண்ணுவதே பல வேளைகளில் பட்டுக்குப் பகையாகிவிடுகின்றது. ஆகவே இல்லத்தரசியர் நலன் கருதி இதனைச் சற்று விளக்குகின்றோம். பட்டு ஓர் உயிரினம் நூற்ற இழை. வியர்வையும் ஈரமும் வெயிலும் அதனை நாளடைவில் நலிவிக்கின்றன. அசல் சரிகையோ பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன் மேல் பொன்முலாம் பூசியது. அந்த உலோகத்தின் கனம் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் அழுந்தும்போது, மடிப்பின் விளிம்பில் பட்டு இழைகள் முறிகின்றன. எனவே பட்டுச் சேலையை மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். நன்கு துவைத்து உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் சரிகை கறுக்கும். அந்துருண்டை சேலையின் மேல் நேரடியாகப் படலாகாது. உடுத்திய சேலையை வியர்வை உலருமுன் மடித்து வைக்கலாகாது.

இவற்றைவிட நல்ல வழி ஒன்றுண்டு. ஆண்டுக்கு இருமுறையேனும் அதனை உடுத்துங்கள். மணநாளின் நினைவு நாளில் கணவனும் மனைவியுமாகத் திருப்பலிக்கு வரும்போது அந்தச் சேலையை உடுத்தி வந்தால் எவர் தடுப்பார்? பூச்சியும் துருவும் அரிக்கும் இடத்தில் செல்வம் சேர்க்க வேண்டாம் என்று ஆண்டவர் அறிவுறுத்தியதை நாம் பொன்னுக்கும் பணத்துக்கும் மட்டுமே பொருத்திப் பார்க்கின்றோம். பெட்டிக்குள் இருக்கும் பட்டுக்கும் அது பொருந்தும். இருபது ஆண்டுகளுக்கு முன் அத்தாய் மனம் வைத்திருந்தால், அந்தச் சேலையை மணப்பெண்கள் சிலரேனும் உடுத்தியிருப்பர்.

நாம் அவரிடம், “அம்மா, நாம் முடிவு சொல்ல மாட்டோம். இது உம்முடைய சேலை. ஞாயிறன்று உம் மக்கள் அனைவரையும் வரவழையுங்கள். அவர்கள் முன்னிலையில் நீரே சொல்லுங்கள். விரும்பினால் நாமும் வந்து அமர்கின்றோம்” என்றோம்.

அந்த ஞாயிறு மாலை கோயம்புத்தூரிலிருந்து மகளும் வந்திருந்தார். மூத்த மகனின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் முடிவாகியிருந்தது. நம் பங்கின் வழக்கப்படி ஆலயத்துக்கு உடுத்தி வரும் சேலை பெண் வீட்டாருடையது; விருந்துக்கு உடுத்தும் சேலை மாப்பிள்ளை வீட்டாருடையது. பெண்ணின் சேலைக்கென நாற்பதாயிரம் ரூபாயை வட்டிக்கு வாங்க மூத்தவர் பேசி வைத்திருந்தார். பழைய சேலையின் சரிகையை விற்க எண்ணியதும் அச்செலவை ஈடுகட்டவே என்பது அன்றுதான் தெரிந்தது. அவரைப் பேராசைக்காரர் என்று உள்ளூர எண்ணியிருந்த நாம் வெட்கமுற்றோம்.

தாய் சேலையை மடியில் வைத்துக்கொண்டு பேசலானார். அதுவரை தம் மக்களிடம் சொல்லாத செய்தி அது. அந்தச் சேலையை அவருடைய தந்தை நானூறு ரூபாய் கடன் வாங்கி எடுத்தாராம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. திருமணமான மறு திங்களே தந்தை நோயில் விழுந்தார். கடன்காரர் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நின்றார். கணவர் ஒரு சொல்லும் கூறாமல் கடனைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். வட்டி மட்டுமே மாதம் பன்னிரண்டு ரூபாய். அந்நாளில் அத்தாயின் நாள் கூலி இரண்டரை ரூபாய். ஆக, மாதத்தில் ஏறத்தாழ ஐந்து நாள் உழைப்பு வட்டிக்கே போயிற்று. முதலும் வட்டியும் தீர மூன்று ஆண்டுகள் ஆயின.

“சேலையை ஒரு நாள்தான் உடுத்தினேன். அதன் கடனை மூன்று வருடம் சுமந்தோம். உங்கள் அப்பா ஒரு நாள்கூட என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்காகத்தான் இதை வைத்திருந்தேன். சரிகைக்காக இல்லை” என்று கூறி மூத்த மகனைப் பார்த்தார். அவர் தலை கவிழ்ந்திருந்தார். வீட்டில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

பின்னர் அத்தாயே முடிவு கூறினார். பேத்திக்கு அதே அரக்கு நிறத்தில் கரையில்லாத எளிய பட்டு வாங்க வேண்டும், பழைய சேலையின் இரு கரைகளையும் எடுத்து அதில் இணைக்க வேண்டும், கடன் வாங்கலாகாது. முந்தி மகளுக்கு. பாவாடை தைக்கும் அளவுக்கு உடல்பட்டு உறுதியாக இல்லாமையால் இளைய மருமகளின் விருப்பம் மட்டும் நிறைவேறவில்லை. அவர் முகம் சற்று வாடிற்று. அதனை மறைக்க வேண்டியதில்லை. எல்லாரையும் ஒருங்கே மகிழ்விக்கும் பங்கீடு உலகில் அரிது. தமக்கென்று அத்தாய் கேட்டது ஒரு சாண் பட்டு. தம் அடக்கத்தின்போது செபமாலையுடன் அதனைக் கையில் சுற்றி வைக்குமாறு சொன்னார்.

மணப்பெண் முதலில் தயங்கினாள். தோழியர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் அவளுக்கு. பாட்டியின் பேச்சைக் கேட்டபின் எழுந்து சென்று அந்தக் கரையைத் தொட்டுப் பார்த்தாள். “எனக்கு இதுவே போதும் பாட்டி” என்றாள்.

இடையூறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், “கைம்பெண்ணின் சேலைக் கரையைக் கல்யாணப் பெண் உடுத்தலாமா? ராசியில்லையே” என்றாராம். செய்தி நமக்கு எட்டியது. நேரில் சென்று பேசினோம். அந்தச் சேலையை உடுத்தியவர் நாற்பத்தாறு ஆண்டுகள் கணவரோடு மனமொத்து வாழ்ந்தவர்; இதைவிடப் பெரிய ராசியை எங்கே தேடுவீர்கள் என்று கேட்டோம். அவர் ஓராண்டிலேயே கணவரை இழந்திருந்தாலும் நம் விடை மாறியிராது என்றும் கூறினோம். கைம்மை சாபமன்று. நயீன் நகரத்துக் கைம்பெண்ணுக்கு இரங்கி அவள் மகனை உயிர்ப்பித்தவரும், ஆலயத்தில் இரு காசு போட்ட கைம்பெண்ணைச் சீடருக்குச் சுட்டிக்காட்டியவரும் நம் ஆண்டவரே. அவரை வழிபடும் நாம் ஒரு கைம்பெண்ணின் துணியைக் கண்டு அஞ்சுவது விசுவாசத்துக்கு இழுக்கு. மாப்பிள்ளையின் பெற்றோர் மனமார ஏற்றுக்கொண்டனர். அத்தை மட்டும் இன்றளவும் முழுமனத்துடன் ஏற்கவில்லை. அவருக்காகவும் மன்றாடுகின்றோம்.

தை மாதத்தில் திருமணம் இனிதே நடந்தேறியது. தாலியை மந்திரித்தபோது மணமகளின் தோளில் அந்தப் பழைய கரை மின்னிற்று. பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு பேருந்து மாறி வந்த அந்த வேறொரு மணமகளை நாம் அவ்வேளையில் நினைத்துக்கொண்டோம்.

அன்புள்ள இல்லத்தோரே, உங்கள் வீட்டு மணச்சேலையைப் பற்றி முடிவு செய்ய நீங்கள் முற்படும்போது சிலவற்றை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதலாவது, அந்தச் சேலை எவருடையதோ அவரே முடிவு செய்யட்டும். அவர் வாயால் பேசக்கூடிய நாளிலேயே முடிவு செய்யட்டும். தாய் இறந்தபின் பிள்ளைகள் பங்கிடும்போது அன்பைவிட அளவுகோலே முன்னிற்கும். இரண்டாவது, கொடுக்குமுன் வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். மகளுக்கோ பேத்திக்கோ அதில் ஒரு சாண் போதுமானதாயிருக்கலாம். மூன்றாவது, கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கதையில்லாத பட்டு சரிகை வணிகரின் தராசில் ஏறும் எடை மட்டுமே. நான்காவது, ஆலயத்துக்குக் கொடுக்க விரும்பினால், அதற்கு முன் இல்லத்தார் அனைவரும் இசைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். நம் போன்ற குருக்களும் அவசரப்பட்டுக் கை நீட்டாதிருப்போமாக.

இன்னும் ஒன்று. மணவாழ்வு முறிந்துபோன சகோதரியரும் நம்மிடையே உள்ளனர். கைவிடப்பட்டவர், அடியும் உதையும் தாங்காது பிறந்தகம் திரும்பியவர் ஆகியோரின் பெட்டியிலும் மணச்சேலை உண்டு. அவர்களிடம், “புனிதமான சேலை, போற்றி வையுங்கள்” என்று எவரும் சொல்ல வேண்டாம். அதனை விற்று அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கினால், அது நற்செயலே. அதைக் காணவே மனம் பொறுக்கவில்லை என்றால் பிறருக்குக் கொடுத்துவிடலாம். அதனால் இறைவன் முன் அவர்களுக்கு எவ்விதக் குறையும் இல்லை.

இன்றிரவு இல்லத்தில் செபமாலை முடிந்தபின், பெட்டியைத் திறந்து அந்தச் சேலையை வெளியே எடுங்கள். விரித்துப் பாருங்கள். மடிப்பு கீறியிருக்கிறதா என்று நோக்குங்கள். அது யார் வாங்கியது, என்ன விலை, அன்று மழை பெய்ததா வெயில் அடித்ததா, எவர் வந்தார், எவர் வரவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடன் பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன செய்வது என்பதை அதன் பின்னர் முடிவு செய்யலாம்.

கானாவூர்த் திருமண வீட்டில் குறையை நிறைவாக்கிய ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.